ஏழாம் ஃப்ரேம்: மார்ச் குறிப்புகள்

மார்ச் 2

ஸ்லைடின்மேல் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி, அதாவது லூப், ஒன்று வாங்கவேண்டும். மூன்று மடங்கா, நான்கு மடங்கா? தூக்கம் போனதுதான் மிச்சம்.

மார்ச் 3

கையில் இருக்கும் லூப் 35 மி.மீ. ஃபிலிமுக்கானது. நான்கு மடங்கு. 24-க்கு 36 படத்துக்குக் கச்சிதமாக உட்காரும். ஏழாம் ஃப்ரேம் இருப்பதோ அகலமான 120 ரோல் ஃபிலிமில். அதில் ஆறுக்கு ஆறு செ.மீ. என்பது பேச்சுக்குத்தான். படம் 56-க்கு 56 மி.மீ., மூலைக்கு மூலை 79. அதன்மேல் இதை வைத்தால் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துக் கூடத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. வாசல் ஒரு தடவை, படத்தில் நிற்கும் அவன் ஒரு தடவை, மரம் ஒரு தடவை. மூன்றும் ஒன்றாக வருவதில்லை.

250 மி.மீ.யை லென்ஸின் குவிய தூரத்தால் வகுத்தால் மடங்கு. மூன்று மடங்குக்கு 83 மி.மீ. வருகிறது. எட்டு மடங்குக்கு வெறும் 31. அவ்வளவு கிட்டத்தில் உட்காரும் கண்ணாடி 79 மி.மீ. அகலத்தை எப்படிக் காட்டும்? ஆக, முழுப்படமும் வேண்டுமென்றால் மூன்று மடங்குதான். ஆனால் ஏழாம் ஃப்ரேமில் அவன் முகமே 2 மி.மீ.தான். மணிக்கட்டு அரை மி.மீ. மூன்று மடங்கில் அது ஒன்றரை. ஒன்றரை மி.மீ.யில் வாட்ச் இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 4

அக்கா போன் செய்தாள். படம் எடுத்த அன்றைக்கு வாட்ச் அவன் கையில் இல்லவே இல்லையாம். சத்தியம் செய்கிறாள்.

மார்ச் 6

ஸ்லைடுக்கு அடியில் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டியை, ஸ்லைடு வைக்காமல், வெறுமனே போட்டுவிட்டு ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாகப் பார்த்தேன். 5000 கெல்வின், வெள்ளை விளக்கு. இடக்கண்ணுக்கு வெள்ளை. வலக்கண்ணுக்குப் பழைய செய்தித்தாளின் மஞ்சள். இத்தனை வருஷம் லூப்பில் வைத்தது வலக்கண்ணைத்தான். நீலம் வெளிறிவிட்டது, ஏக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமே இப்படித்தான் என்று எத்தனை ஸ்லைடை ஒதுக்கி வைத்தேனோ. அந்தப் பெட்டியைத் திரும்ப எடுக்கவே பயமாக இருக்கிறது.

வலக்கண் ஆபரேஷனுக்குத் தேதி 19.

மார்ச் 8

கேமராவின் 80 மி.மீ. லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அப்பர்ச்சரை 2.8-க்குத் திறந்துவிட்டு, பின்பக்கம் ஸ்லைடைப் பார்க்க, முன்பக்கத்தில் கண். 250-ஐ 80-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். பளிச்சென்று வந்தது, மூலை வரைக்கும். விற்கிற லூப்புகளில் பலதும் ஓரத்தில் ஊதாக் கரை கட்டும், நேர்க்கோட்டை வளைக்கும். இது இரண்டும் செய்யவில்லை. குறை ஒன்றுதான்: நிற்க இடமில்லை. கையில் பிடித்தால் மூச்சு விட்டாலே ஃபோக்கஸ் போகிறது. கறுப்பு அட்டையைச் சுருட்டிக் குழல் செய்தேன். பக்கத்து வெளிச்சமும் நின்றது. ஸ்லைடுக்குக் கறுப்புப் பாவாடை, பிரிண்டுக்கு ஒளி புகும் பாவாடை என்று லூப்பின் அடியில் மாட்ட இரண்டு கொடுப்பது சும்மா இல்லை.

அவன் இடது கையில் ஒன்றும் இல்லை. அக்கா சொன்னது சரிதான்போல.

மார்ச் 9

முட்டாள். முட்டாள். ஃபிலிம் ஓரத்து எழுத்து இடம்வலமாக இருக்கிறது! ஸ்லைடைத் திருப்பி வைத்திருக்கிறேன். எழுத்து நேராகப் படிக்க வரவேண்டும். பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்கவேண்டும், மங்கல் பக்கம் விளக்கை. நாற்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டு நாளாக உற்றுப் பார்த்ததும் அக்காவிடம் விட்டுக்கொடுத்ததும் அவன் வலது கையை.

மார்ச் 10

திருப்பி வைத்தேன். ஏதோ இருக்கிறது.

மார்ச் 12

எட்டு மடங்கு லூப் ஒன்றை இரவல் வாங்கினேன். டேப்லெட் திரைமேல் ஸ்லைடை வைத்துப் பார்த்தால் திரையின் புள்ளிகள்தான் தெரிகின்றன, அவன் சட்டை முழுக்கக் கட்டம். பால்வெள்ளைத் தகடுள்ள பழைய பெட்டிக்கே வந்தேன். மணிக்கட்டில் கோடு. கால் மி.மீ. கூட இராது. வாட்ச் வாரும் அப்படித்தான் இருக்கும், கயிறும் அப்படித்தான், தூசி நாரும் அப்படித்தான்.

மார்ச் 13

முடிவு செய்தாயிற்று. ஆறுக்கு ஆறுக்கான மூன்று மடங்கு, பழையது. ஷ்னைடர் கம்பெனியா ரோடன்ஸ்டாக் கம்பெனியா என்று பத்து நாள் மண்டையைப் போட்டு உடைத்தது வீண். கண் வைக்கும் வளையத்தைத் திருகி ஃபோக்கஸ் மாற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி. 19-க்குப் பிறகு இந்தக் கண்ணுக்கு என்ன பவர் வரும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? எனக்குக் கண்ணுக்குள் வைக்கப்போகும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. கிட்டத்தைப் பார்க்கத் தானாக மாறிக்கொள்ளாது. திருகினால் ஒத்துவரும் லூப்தான் வேண்டும். கண்ணாடி போட்டபடியே பார்க்க இடைவெளியும் வேண்டும். இதைச் சொன்னால் அக்கா சிரிப்பாள்: ஆளுக்கே கண் தெரியவில்லை, லூப்புக்குக் கண் பார்க்கிறான்.

மார்ச் 15

வரவில்லை.

மார்ச் 17

வந்தது. கனமாக இருக்கிறது, நல்ல கனம். வளையம் கொஞ்சம் இறுக்கம்.

பதினொன்று வரைக்கும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குப் போகவில்லை.

மார்ச் 18

சொட்டு மருந்து, நான்கு வேளை. எரிகிறது.

இடக்கண்ணால் பார்த்தேன். கோடு அங்கேயே இருக்கிறது. ரப்பர் பல்பால் ஊதினேன், நகரவில்லை. அது பளபளப்புப் பக்கம். மங்கல் பக்கத்தை இன்னும் ஊதவில்லை.