விடுமுறைப் பரிசாகக் கொடுக்கச் சில ஓவியர்கள்

விடுமுறை நெருங்கினாலே யாருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். என்னிடம் யார் கேட்டாலும் படப்புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும். இன்னொன்று, புத்தகத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஓவியரை வைத்துத் தேடுங்கள். ஒருவருக்கு ஒரு ஓவியரைப் பிடித்துப்போய்விட்டால், அடுத்தடுத்த வருடங்களுக்கு என்ன பரிசு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

முதலில் சுஸி லீ. தென்கொரிய ஓவியர், சிறுவர் புத்தகங்களுக்கான சர்வதேச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 2022-இல் பெற்றவர். அவருடைய 'வேவ்' 2008-இல் வந்தது, உள்ளே ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கடற்கரைக்கு வந்த ஒரு சிறுமி, அவள் பின்னாலேயே சுற்றும் கடற்பறவைகள், எதிரே அலை, அவ்வளவுதான் கதை. கரிக்கோடுகளின் கறுப்பும் கடலின் நீலமும் தவிர வேறு நிறமும் இல்லை. புத்தகம் அகலவாக்கில் நீண்டிருக்கும், விரித்தால் இடது பக்கம் சிறுமி, வலது பக்கம் கடல். நடுவில் இரண்டு பக்கமும் சேரும் மடிப்பு இருக்கிறதே, ஆரம்பத்தில் அலை அதைத் தாண்டி வருவதே இல்லை. அந்தத் தைரியத்தில் அவள் அலையை விரட்டுகிறாள், பயமுறுத்துகிறாள், அப்புறம் மெல்லக் கையை நீட்டி அந்தப் பக்கம் போகிறாள். கடைசியில் அலை இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனதும் பாருங்கள், அதுவரை வெளுத்துக் கிடந்த வானமும் அவள் கவுனும் நீலமாகியிருக்கும். புத்தகத்தின் தையலையே கதைக்குள் கொண்டுவந்துவிட்ட இந்தத் துணிச்சலுக்காகவே இதைத் திரையில் பார்க்காதீர்கள் என்பேன், அங்கே மடிப்பு ஏது? பிடித்துவிட்டால் இதே மடிப்பை வேறு விதமாகக் கையாளும் 'மிர்ரர்', 'ஷேடோ' இரண்டையும் அடுத்து வாங்கலாம். வார்த்தை இல்லாத புத்தகங்களில் இன்னொரு வசதியும் உண்டு, பாட்டியும் பேத்தியும் எந்த மொழி தெரிந்திருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர் யாராவது உங்களுக்கு வேண்டியவராக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஷான் டான் வரைந்த 'தி அரைவல்' கொடுங்கள். இவர் ஆஸ்திரேலிய ஓவியர், புத்தகம் வந்தது 2006-இல். பழைய புகைப்பட ஆல்பம் மாதிரி பழுப்பேறிய பென்சில் ஓவியங்கள், இதிலும் வார்த்தை இல்லை. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஒருவர் வேற்று நாட்டுக்குப் போகிறார். அந்த நகரத்தின் எழுத்துகள், விலங்குகள், சாப்பாடு எல்லாமே ஓவியர் தானாகக் கற்பனை செய்தவை, அதனால் அங்கே போனவருக்குப் புரியாதது எதுவும் நமக்கும் புரியாது. அந்தத் திகைப்பை விளக்கிச் சொல்லாமல் நம்மையே பட வைக்கிறார் ஷான் டான் பாருங்கள், அங்கேதான் இந்தப் புத்தகம் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. முதல் பக்கத்தின் சிறு கட்டங்களில் வரும் காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, பாத்திரம், குழந்தை வரைந்த படம் இவற்றை அவசரப்படாமல் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி அத்தியாயம் வரும்போது ஏன் என்று அவர்களுக்கே தெரியும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் ஜான் கிளாசன். 'திஸ் இஸ் நாட் மை ஹேட்' (2012) சிறுவர் புத்தக ஓவியத்துக்குத் தரும் அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம், பிரிட்டனின் கேட் கிரீனவே பதக்கம் இரண்டையும் வாங்கியது. பெரிய மீனின் தொப்பியைத் திருடிய குட்டி மீன்தான் கதை சொல்கிறது. பெரிய மீன் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் என்று அது சொல்லும், படத்தில் பெரிய மீனின் கண் திறந்திருக்கும். சத்தமாக வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் உங்களை நிறுத்தி, இல்லை இல்லை, முழிச்சிருக்கு என்று கத்துவார்கள். அந்த ஒரு கண்ணை மட்டும் லேசாக மாற்றி மாற்றியே அந்த மீனின் மனசைச் சொல்லிவிடுகிறார் கிளாசன்.

அதிகம் பேசாத பிள்ளைக்கு, குறிப்பாகப் பேச்சு திக்கும் பிள்ளைக்கு, ஜோர்டன் ஸ்காட் எழுதி சிட்னி ஸ்மித் வரைந்த 'ஐ டாக் லைக் எ ரிவர்' (2020). நடுவில் ஒரு பக்கம் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும், திறந்தால் ஆறு முழுக்க வெளிச்சம். ஸ்மித் கனடாக்காரர், 2024-இல் ஆண்டர்சன் விருது இவருக்குத்தான் கிடைத்தது. இவர் வரைந்த எதையும் நம்பி வாங்கலாம்.

எல்லாம் வைத்திருக்கிறார், இவருக்கு என்னதான் தருவது என்று யோசிக்க வைக்கும் ஆட்களுக்கு 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்ட் பழங்குடி ஓவியர்களின் மரங்கள், சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்டது. கறுப்புக் கைக்காகிதத்தில் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்திருக்கிறார்கள். மேலே விரலை ஓட்டினால் மை தட்டுப்படும்.

வாங்கும்போது கெட்டி அட்டைப் பதிப்பாகப் பாருங்கள், இவை திரும்பத் திரும்பப் புரட்டப்படும் புத்தகங்கள். வாழ்த்து எழுத வேண்டுமென்றால் தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள், ஏனென்றால் அட்டையை ஒட்டிய பக்கங்களையும் இவர்கள் சும்மா விடுவதில்லை. 'தி அரைவல்' புத்தகத்தில் அங்கே வரிசை வரிசையாக முகங்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் பேனாவை வைக்க மனசு வராது. அப்புறம், கையால் அச்சிடும் புத்தகம் தீர்ந்துவிட்டால் அடுத்த பதிப்பு வர நாளாகும், அதனால் மரங்கள் புத்தகம் வேண்டும் என்றால் அதை மட்டும் முதலில் சொல்லி வைத்துவிடுங்கள்.