கேளாமல் சொன்னவை

2025 ஜூலை 6, ஞாயிறு

மகள் குளிக்கப் போயிருந்த நேரம் அவளுடைய கைபேசியைத் திறந்து பார்த்தேன். பத்தாந் தரத்துக்கு வந்ததிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதும், ரியூசன் முடிந்து வந்த கையோடு அறைக் கதவைச் சாத்திக்கொள்வதும் என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. பயந்த மாதிரி எதுவும் அதில் இருக்கவில்லை. ஈரத் தலையோடு வந்து நின்ற அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் கைபேசியை வாங்கி, என் விரல் பட்ட இடத்தைத் துவாயால் துடைத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

இரவு ஒன்பதரைக்கு டோஹாவிலிருந்து அவர் அழைத்தார். அங்கே மணி ஏழு. கணிதத்துக்கு எத்தனை புள்ளி, வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாயா என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்தது. நான் நாள்தோறும் கேட்பதும் அவற்றைத்தான்.

ஜூலை 10, வியாழன்

சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து, ஸ்டாட்டின், கெர் என்னும் உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளைப் பற்றி வாசித்தேன். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவற்றில் பெரும்பங்கு, துருவி விசாரித்தோ கட்டுப்பாடு விதித்தோ அறிந்ததல்ல, பிள்ளை தானாக வந்து சொன்னது என்கிறார்கள். அப்படியானால் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவள் என்னிடம் சொல்வதை ஏன் நிறுத்தினாள்?

ஜூலை 13, ஞாயிறு

பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இருவருமாக நடந்தோம். “உன்ரை போனை எடுத்துப் பாத்தது என்ரை பிழை, பிள்ளை” என்றேன். பதில் இல்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் போன ரயிலின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் வாய் திறந்தாள். சிநேகிதிகள் அவளை ஒதுக்கிவிட்டார்களாம். இரண்டு மாதமாக இடைவேளையில் தனியாக இருந்துதான் சாப்பிடுகிறாளாம். யார், எதற்காக என்று கேட்க நா துடித்தது, அடக்கிக்கொண்டேன். “அப்பாட்டைச் சொல்லாதேங்கோ, அம்மா. அவர் அங்கை தனிய இருந்து யோசிப்பார்” என்றாள். நான் வெறும் கோபம் என்று எண்ணியிருந்த மௌனத்துக்குள் தகப்பன் மீது இத்தனை கரிசனை இருந்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைக்குப் புள்ளிகளைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தேன், மற்றதைச் சொல்லவில்லை. அவர் தாம் வைத்த பருப்பு அடிப்பிடித்த கதையைத் தொடங்கினார். “எவ்வளவு தண்ணி விட்டனீங்கள், அப்பா?” என்று கேட்டபடி மகள் கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, குசினி வாசலில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள்.