இடிஓ ஓரல்ஸில் என்எம்இஏ கேள்வி: எப்படிப் படிப்பது, எப்படிச் சொல்வது

கப்பலின் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் (இடிஓ) ஆவதற்கான ஓரல்ஸ் என்ற வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் பலரும் ஹை வோல்டேஜ், மெகர், சிங்க்ரனைசிங் என்று வரிசையாக முடித்துவிட்டு, பிரிட்ஜ் கருவிகளைக் கடைசி நாட்களுக்குத் தள்ளி வைக்கிறார்கள். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழுக்கான எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தங்களில் இடிஓவுக்குத் தனிச் சான்றிதழ் வந்தபோதே, பிரிட்ஜ் வழிகாட்டிக் கருவிகளைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் அவரது வேலை என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் என்எம்இஏ, அதாவது பிரிட்ஜ் கருவிகள் ஒன்றுக்கொன்று டேட்டா அனுப்பும் முறை பற்றிய கேள்விக்குத் தயாராகத்தான் போக வேண்டும்.

சென்னை எம்எம்டியில் (மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்) நான் ஓரல்ஸுக்கு உட்கார்ந்தபோது வந்த கேள்வி இது: "எக்டிஸில் ஜிபிஎஸ் பொசிஷன் வரவில்லை. என்ன செய்வீர்கள்?" (எக்டிஸ் என்பது பிரிட்ஜில் உள்ள மின்னணுக் கடல் வரைபடத் திரை.) கேபிள் பார்ப்பேன், பவர் பார்ப்பேன், போர்ட் பார்ப்பேன் என்று அடுக்கினால் அது வெறும் பட்டியல். மீட்டரை எங்கே வைப்பீர்கள், அதில் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து எந்தப் பக்கம் போவீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் கேட்கிறார். படிக்கும்போதே அப்படிப் படியுங்கள்.

கையை வைக்கும் முன் டியூட்டி ஆபீசரிடம் சொல்வேன் என்பதுதான் பதிலின் முதல் வரியாக இருக்க வேண்டும். ஒரே ஜிபிஎஸ் சிக்னல் எக்டிஸ், ஏஐஎஸ் (கப்பல்களை அடையாளம் காட்டும் கருவி), விடிஆர் (பயணப் பதிவுக் கருவி), விஎச்எஃப் ரேடியோ என்று பல இடங்களுக்குப் பிரிந்து போகிறது. ஒரு கம்பியைக் கழற்றினால் பிரிட்ஜ் முழுக்க அலாரம் கத்தும். மற்ற கருவிகளில் பொசிஷன் இருக்கிறதா என்று அதே மூச்சில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் இருந்தால் ஜிபிஎஸ் நன்றாக இருக்கிறது, எக்டிஸுக்கு வரும் கிளையில்தான் கோளாறு. கருவி எதையும் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். என்எம்இஏ 0183-இல் வேகம் 4800 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ஏஐஎஸ்ஸுக்கு 38400. ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து ஒரு எழுத்துக்கு 10 பிட். 4800 பாட் என்றால் நொடிக்கு 480 எழுத்து, அதாவது நீளமான வரிகளில் ஆறுகூடப் போகாது. ஏஐஎஸ் டேட்டாவை ஏன் 4800 லைனில் அனுப்ப முடியாது என்ற துணைக் கேள்விக்கு இதுவே பதில்.

அடுத்து வயரிங். அனுப்பும் கருவி டாக்கர், வாங்குவது லிஸனர். ஒரு லைனில் ஒரு டாக்கர்தான், லிஸனர்கள் பலர் இருக்கலாம். இரண்டு டாக்கர்களை ஒன்றாக முறுக்கிவிட முடியாது, பல லைன்களை ஒன்றாக்கித் தரும் மல்டிபிளெக்சர் வேண்டும். டாக்கரின் ஏ, பி என்ற இரண்டு சிக்னல் முனைகளில் மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். டேட்டா இல்லாத நேரத்தில் பி-யை ஒப்பிட ஏ நெகட்டிவாக நிற்கும். டேட்டா ஓடும்போது அளவு துள்ளும். அடியோடு அசையவில்லை என்றால் டாக்கரின் அவுட்புட் செட்டிங்கைப் பாருங்கள், அந்தப் போர்ட்டில் வரிகளை யாராவது அணைத்து வைத்திருக்கலாம். டாக்கரில் துள்ளுகிறது, லிஸனர் முனையில் இல்லை என்றால் இடையில் ஜங்ஷன் பாக்ஸ் அல்லது கேபிள். இன்னொன்று: டிஃபரென்ஷியல் (ஏ, பி இடையிலான வித்தியாசமே சிக்னல்) டாக்கரின் பி முனையைக் கம்ப்யூட்டரின் கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது. டிரைவரையே ஷார்ட் செய்வது போல ஆகிவிடும். ஆர்எஸ்-422 என்ற இந்த வகை சிக்னலுக்கு உரிய, ஐசொலேஷன் உள்ள கன்வெர்ட்டர் போடுவேன் என்று சொல்லுங்கள்.

முனையில் சிக்னல் வருகிறது என்று தெரிந்ததும் லேப்டாப்பில் ஒரு டெர்மினல் புரோகிராம் திறந்து பாருங்கள் (உங்கள் யுஎஸ்பியை எக்டிஸிலேயே செருக வேண்டாம்). ஒழுங்கான வரி டாலர் குறியில் தொடங்கும், ஏஐஎஸ் என்றால் ஆச்சரியக்குறியில். நடுவில் காற்புள்ளிகள், கடைசியில் நட்சத்திரக் குறியும் இரண்டு இலக்க செக்சமும் (வரி சரியாக வந்ததா என்று சரிபார்க்கும் எண்). கிறுக்கல் வந்தால் பாட் தவறு, அல்லது ஏ, பி மாறியிருக்கிறது. முதலில் பாட்டை மாற்றிப் பாருங்கள், கம்பியைத் தொட வேண்டியதில்லை. நடுநடுவே சில வரிகள் மட்டும் உடைந்து வந்தால் தளர்ந்த முனை, ஷீல்ட், பக்கத்து மோட்டார் கேபிளின் நாய்ஸ் என்று தேடுங்கள்.

வரி சுத்தமாக வந்தும் பொசிஷன் இல்லையா? பொசிஷனைத் தரும் ஆர்எம்சி வரியில் நேரத்துக்கு அடுத்த எழுத்தைப் படியுங்கள். 'ஏ' என்றால் பொசிஷன் செல்லுபடியாகும், 'வி' என்றால் ஆகாது. 'வி' இருந்தால் சீரியல் இணைப்பில் குற்றமே இல்லை, ஆன்டெனா பக்கம் போக வேண்டும். இதைச் சொன்னதும் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரியைத் திறந்து படித்தவர்களால்தான் இதைச் சொல்ல முடியும்.

கம்ப்யூட்டர் பக்கம் மூன்று விஷயம் போதும். கன்வெர்ட்டரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் போர்ட் எண் மாறிவிடலாம். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும், டெர்மினலை மூட மறந்தால் சார்ட் புரோகிராமுக்கு எதுவும் வராது. அப்புறம், விண்டோஸ் ஏறும்போதே டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் ஜிபிஎஸ்ஸை சீரியல் மவுஸ் என்று எடுத்துக்கொள்ளலாம், கர்சர் தானாகத் துள்ளும். டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸை டிசேபிள் செய்தால் சரி.

வீட்டில் பழக கப்பல் வேண்டியதில்லை. சாதாரண 9 பின் (ஆர்எஸ்-232) யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரின் 2, 3 பின்களை ஒரு கம்பியால் இணைத்து டெர்மினலில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரும்பி வந்தால் கன்வெர்ட்டரும் டிரைவரும் நலம். அடுத்து ஒரு நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் வாங்குங்கள். அது 9600 பாடில் பேசும், லெவல் டிடிஎல் (குறைந்த வோல்டேஜ் சிக்னல்), அதனால் டிடிஎல் கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். 4800-இல் திறந்து கிறுக்கலைப் பாருங்கள், 9600-க்கு மாற்றி வரிகளைப் பாருங்கள். வீட்டுக்குள் வைத்து 'வி' வருவதையும், மாடிக்கு எடுத்துப் போய்க் கொஞ்சம் காத்திருந்தால் அது 'ஏ' ஆவதையும் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு கோளாறையும் நீங்களே உண்டாக்கி, திரையில் என்ன தெரிந்தது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஓரல்ஸுக்கு முந்தின இரவு புரட்ட அந்த நோட்டு போதும்.