ஏபி அமெரிக்க வரலாறு: சண்டையோடு நிறுத்தாமல் உடன்படிக்கையையும் படியுங்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்கு 1607 முதல் 1754 வரையிலான பகுதியைப் பலரும் தேதிப் பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். தேர்வில் தேதியை நேராகக் கேட்பது அபூர்வம். ஒரு பழைய ஆவணத்துண்டைக் கொடுத்து, இது எதனால் வந்தது, இதனால் என்ன ஆனது என்றுதான் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு மோதலையும் அதை முடித்துவைத்த உடன்படிக்கையோடு சேர்த்தே படித்தேன்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர்கள் புகையிலையில் காசு பார்த்ததும் ஆற்றோர நிலங்களை வளைத்துப்போடத் தொடங்கினார்கள். 1622இல் ஒபெசன்கனோ தலைமையில் பவ்ஹாட்டன் பழங்குடி மக்கள் திருப்பித் தாக்கியதில் 347 ஆங்கிலேயர் இறந்தார்கள். 1644இல் மறுபடியும் போர். அதை முடித்த 1646 உடன்படிக்கை யார்க் ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தைப் பழங்குடிகளுக்கு விட்டுவைத்தது. பதிலுக்கு அவர்கள் ஆண்டுதோறும் 20 பீவர் தோல் கப்பம் கட்ட வேண்டும், அதுவும் வாத்துகள் கிளம்பிப் போகிற பருவத்தில்!

1676இல் வர்ஜீனியாவில் வெடித்த பேக்கன் கலகத்தைப் புரிந்துகொள்ள இந்த எல்லைதான் பிடி. கப்பல் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்டு வந்து, அந்த ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்து வெளியே வந்தவர்களுக்கு நல்ல நிலம் மிச்சமில்லை. எல்லைப்புறத்துக்குப் போனால் பழங்குடிகளோடு மோதல். பழங்குடிகளை ஆளுநர் பெர்க்லி அடக்கவில்லை என்று நத்தானியேல் பேக்கன் என்ற பண்ணையார் ஆள் திரட்டி, கடைசியில் ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினார். சில வாரங்களில் அவர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோக, கலகமும் படுத்துவிட்டது. 1677 உடன்படிக்கையிலும் கப்பம் தொடர்ந்தது. பமுங்கி, மட்டபோனி பழங்குடி மக்கள் இன்றும் ஆண்டுதோறும் வர்ஜீனியா ஆளுநருக்கு மான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

‘பேக்கன் கலகத்தால்தான் அடிமை முறை வந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடிமைச் சட்டங்கள் அதற்கு முன்பே இருந்தன. வெள்ளைக் கூலிகளும் கறுப்பர்களும் கலகத்தில் ஒன்றாக நின்றது பண்ணையார்களை மிரட்டியது உண்மை. இங்கிலாந்திலிருந்து கூலியாட்கள் வருவது குறைந்ததும் உண்மை. இரண்டையும் எழுதினால்தான் கட்டுரைக்குக் கனம் வரும்.

வடகிழக்கில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றப் பகுதியான நியூ இங்கிலாந்தில் கதை இன்னும் கொடூரம். 1637இல் மிஸ்டிக் ஆற்றோரம் இருந்த பீகுவாட் பழங்குடியினரின் ஊரை ஆங்கிலேயர் தீயிட்டு நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். 1638 ஹார்ட்ஃபோர்டு உடன்படிக்கை, எஞ்சியவர்கள் பீகுவாட் என்ற பெயரையே சொல்லக்கூடாது என்றது. வாம்பனோக் பழங்குடித் தலைவர் மெட்டகாம் ஆங்கிலேயரோடு நடத்திய போரும் 1676இல்தான் ஓய்ந்தது என்பதால், பேக்கன் கலகத்தோடு ஒப்பிட்டு எழுத வசதி.

நேர்மாறான ஒன்று வேண்டுமென்றால் 1680 பியூப்ளோ கிளர்ச்சி. பியூப்ளோ பழங்குடி மக்கள் போப்பே என்ற தலைவரின் கீழ் திரண்டு, ஸ்பானியரை நியூ மெக்சிகோவிலிருந்தே விரட்டினார்கள். 1692இல் திரும்பி வந்த ஸ்பானியர் பழங்குடிகளிடம் கப்பமும் உழைப்பும் கறந்த பழைய என்கோமியெண்டா முறையை மீண்டும் கொண்டுவரவில்லை.

நீண்ட கட்டுரைப் பிரிவில் மூன்று கேள்விகளில் ஒன்று 1491–1800 காலத்துக்கு உரியது. எழுத 40 நிமிடம். வர்ஜீனியாவும் பியூப்ளோவும் கைவசம் இருந்தால் ஒப்பீட்டுக் கேள்வியைத் துணிந்து எடுக்கலாம்.