பற்றாக்குறை என்று தொடங்கிய கோப்பு

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. அரசு மொத்தமாகத் தரும் நிதியான தொகுப்பு மானியத்தைக் கேட்டு ஆண்டுதோறும் போகும் கருத்துரு என் மேசையில்தான் உருவாகும். முன்னவர் எழுதியதை எடுத்துத் தொகைகளை மட்டும் மாற்றுவோம். முதல் வரி மாறவே மாறாது: ‘பல்கலைக்கழகத்தின் நிதிப் பற்றாக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு...’

ஒரு வருடம் சம்பளம் இரண்டு மாதம் நிலுவை. கோப்போடு நானே சென்னைக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “சார், பற்றாக்குறைன்னுதான் எல்லாரும் வர்றாங்க. இந்தப் பணம் வந்தா யாருக்கு என்ன நடக்கும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க? தணிக்கைத் தடை எத்தனை பாக்கி?” கணக்குத் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களைத்தான் தணிக்கைத் தடை என்போம். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதிலில்லை. அவர் கேட்டது நியாயம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் திரும்பினேன். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏறினார்கள். பலர் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அது 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே ஆசிரியர் சம்பளம் ஒன்றிய அரசின் பணம். அதே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எங்கள் ஆசிரியர்களுக்கோ, மாநில அரசு கைகொடுத்தால்தான் மாதம் ஓடும்.

வெளியே தெரியாத கணக்கு இது. கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்தாலும் சம்பளத்துக்கே போதாது. அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் செலவு ஏறும். மானியம் அந்த வேகத்தில் ஏறாது. ஒரே காலத்தில் பணிக்கு வந்தவர்கள் ஒரே காலத்தில் ஓய்வு பெற்றபோது, ஓய்வூதியப் பட்டியல் சம்பளப் பட்டியலை எட்டிப் பிடித்தது. முதலில் வைப்புநிதியைக் கரைத்தோம். பிறகு காலிப் பணியிடங்களை நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டினோம். அதற்கு மேல் கைவைக்க மிஞ்சியது கட்டணம் ஒன்றுதான்.

அந்த ஜூனில் கவுன்ட்டர் ஊழியர் விடுப்பில் போனதால் நான் உட்கார்ந்தேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். முந்திரி உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். பத்தும் இருபதும் ஐம்பதுமாக எண்ணி வைத்தார். “ஐந்நூறு குறையுது சார், திங்கக்கிழமை கொண்டாந்துடுறேன். பாப்பா பேரை மட்டும் எடுத்துடாதீங்க.” திங்கட்கிழமை வந்தார். விதிப்படி அபராதமும் சேர்த்து வாங்கி ரசீது கொடுத்தேன். அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டது இன்னும் உறுத்துகிறது. அவர் வருமான வரி கட்டுபவரல்ல. ஆனால் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் அரசுக்கு வரி கட்டுகிறவர்தான். அவர் மகள் படிப்புக்கு அரசு தரும் பணத்தைச் சலுகை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

அடுத்த ஆண்டுக் கருத்துருவை மாணவர் பதிவேட்டிலிருந்து தொடங்கினேன். எத்தனை பேர் முதல் பட்டதாரிகள், எந்த ஊர், பெற்றோர் என்ன தொழில், மானியம் வராவிட்டால் தலைக்கு எவ்வளவு கூடுதலாகக் கட்ட நேரும் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். பற்றாக்குறை பதினொன்றாம் பக்கத்துக்குப் போனது. மூன்று மாதம் பழைய வவுச்சர்களைத் தேடி எடுத்துத் தணிக்கைத் தடைகளுக்குப் பதில் எழுதினோம். அதைச் செய்யாமல் பணம் கேட்க நமக்கு வாயில்லை.

பணம் யார் தருகிறார்கள் என்பதுதான் கட்டணத்தை முடிவு செய்கிறது. எங்கள் மாவட்டமே சாட்சி. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்துப் போராடிய பிறகு, 2021இல் அது சுகாதாரத் துறைக்கு மாறி அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. லட்சங்களில் இருந்த எம்பிபிஎஸ் கட்டணம் 13,610 ரூபாயாக இறங்கியது. கட்டடமும் வகுப்பறையும் அதேதான்.

நாங்கள் கேட்டது முழுதும் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டு கட்டணம் ஏறவில்லை. ஓய்வு பெற்ற அன்று, எனக்குப் பின் வந்த பெண்ணிடம் கோப்பைக் கொடுத்து, “முதல் பக்கத்தை வருஷா வருஷம் புதுசா எழுதும்மா. எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கவுன்ட்டர்ல உட்காரு” என்றேன்.