பதினொரு வரித் திருத்தம்

கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதி வெளியிட்ட காலத்தில் எனக்கு வந்த பிழை அறிக்கைகளில் பாதி, ஒரே பிழையைப் பற்றியவை. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் நிரல் பாதியில் நின்றுவிடும். அதைத் திருத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். பதில் தெரிந்தேதான் கேட்பேன். லினக்ஸ் டிஸ்ட்ரோவோடு, அதாவது லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்து வெளியிடும் தொகுப்போடு, வந்த பழைய பதிப்பு. புதியதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், "எங்கள் சர்வரில் டிஸ்ட்ரோ தருவதை மட்டும்தான் போடலாம்" என்பார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? என் மென்பொருளை டிஸ்ட்ரோவுக்கு ஏற்றபடி கட்டித் தரும், பேக்கேஜைப் பராமரிப்பவர்மேல்தான் எரிச்சல் வரும்.

இதில் நான் தனி ஆள் இல்லை. 2016இல், லினக்ஸில் திரையைப் பூட்டும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற மென்பொருளின் விவகாரம் பெரிதாக வெடித்தது. அதை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, பதிப்பு ரொம்பப் பழையதாகிவிட்டால் திரையிலேயே எச்சரிக்கை காட்டும்படி வைத்திருந்தார். டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் இருந்ததோ பழைய பதிப்பு. எச்சரிக்கையை எடுத்துவிடலாமே என்று பேச்சு எழுந்தபோது அவர் இறங்கிவரவில்லை: புதிய பதிப்பைக் கொடுங்கள், இல்லையென்றால் என் மென்பொருளையே தூக்கிவிடுங்கள். எப்போதோ திருத்திய பிழைகளுக்கு இன்னும் கடிதம் வருகிறது என்பதுதான் அவருடைய குறை. படித்துவிட்டு மனதுக்குள் கைதட்டினேன்.

அப்புறம் வேலை மாறியது. புதிய அலுவலகத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து சர்வர்களுக்கான பேக்கேஜ்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. வந்த மூன்றாம் மாதமே, பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்று ஒரு பேக்கப் கருவியின் புதிய பதிப்பை அப்படியே ஏற்றினேன். திருத்தம் வந்தது. கூடவே கருவியின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பின் வடிவமும் மாறியிருந்தது. பழைய கோப்பில் இருந்த கோப்புறைப் பட்டியலை அது கண்டுகொள்ளவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. மூன்று இரவுகள் வெறும் காலிக் கோப்புகள் சேமிக்கப்பட்டன, லாக்கில் மட்டும் "வெற்றி" என்று இருந்தது. எழுதியவரிடம் கேட்டேன். பழைய வடிவத்தை யாராவது இன்னுமா வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார். நானும் ஒரு காலத்தில் அதே தொனியில்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பதிப்பை ஏற்றாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவரும் பேக்போர்ட் வழிக்கு வந்தேன். சொல்ல எளிது. ஒருமுறை பேட்ச், அதாவது கோடில் செய்ய வேண்டிய திருத்தம், பதினொரே வரி. ஆனால் அது தொடும் ஃபங்ஷனைப் புதிய பதிப்பில் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பழைய கோடில் அந்தப் பதினொரு வரிக்கு இடமே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பொருத்தினேன். முடிந்ததும் கையில் இருந்தது, எழுதியவரும் பார்க்காத, உலகில் என்னைத் தவிர வேறு யாரும் சோதிக்காத ஒரு கலவை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம், ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளுக்கு நடந்தது. 2006இல் டெபியனில் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக அதில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். அஞ்சல் குழுவில் கேட்டுவிட்டுத்தான் நீக்கினார்கள், யாரும் தடுக்கவில்லை. 2008 மே மாதம்தான் விளைவு வெளியே வந்தது: ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சாத்தியமான எண்ணிக்கை வெறும் 32,768, யாரும் எளிதில் ஊகித்துவிடலாம்.

பேக்போர்ட்டில் இன்னொரு தலைவலி, எழுதியவர் கொடுத்த பதிப்பு எண் மாறாது. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஆடிட் ஸ்கேனர் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருடாவருடம் எங்களைச் சிவப்புப் பட்டியலில் போடும். நான் மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாக்கைத் திறந்து, எந்த ஓட்டை எந்தத் தேதியில் அடைபட்டது என்று ஒவ்வொன்றாக மேலதிகாரிக்குக் காட்டுவேன்.

பழையதே பாதுகாப்பு என்று நான் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வேண்டுமென்றே ஒளித்துவைத்த பின்கதவு பிடிபட்டபோது டெபியன் ஸ்டேபிள் தப்பியது, உண்மைதான். புதிய பதிப்பைச் சீக்கிரம் சேருங்கள் என்று டிஸ்ட்ரோக்களை அவசரப்படுத்தியதே அந்தக் கதவை வைத்த ஆள்தான். ஆனால் பழைய பதிப்பில் யாரும் தொடாமல் கிடக்கும் ஓட்டைகளையும் தினம் பார்க்கிறேனே. என்னைக் கேட்டால், எழுதுபவருக்குக் கடிதம் போடும் பயனர் ஒருவர், இரவில் பேக்கேஜ்காரரைத் தொலைபேசியில் எழுப்பும் பயனர் வேறொருவர். எழுதுபவருக்கும் பேக்கேஜ்காரருக்கும் மற்றவருடைய பயனரைத் தெரியாது.

போன மாதம் என் பழைய மென்பொருளின் பேக்கேஜை டெபியனில் திறந்து, அதில் சேர்த்திருந்த பேட்ச்களை முதல்முறையாகப் படித்தேன். நான் திட்டித் தீர்த்த அதே பராமரிப்பாளர் நான்கு வைத்திருந்தார். மூன்று சாதாரணம். நான்காவது, அந்த வாரம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துத் திருத்திக்கொண்டிருந்த பிழை. பேட்சின் தலையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே, எழுதியவருக்கு அனுப்பியாயிற்று என்று ஒரு குறிப்பு. என் அஞ்சல்பெட்டியில் தேடினேன். இருந்தது, திறக்காமல்.