நிற்றலும் நிலைத்தலும்: லியூப்லியானாவில் ஒரு வெண்பளிங்குச் சிலை

அக்டோபர் 31ஆம் தேதி காலையில், பற்பசை வாங்க ஒரு கடையைத் தேடி லியூப்லியானா நகரில் அரை மணி நேரம் அலைந்த பிறகுதான், அன்று ஸ்லோவேனியாவில் பொது விடுமுறை என்பது எனக்குத் தெரியவந்தது. தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பி என்ன விடுமுறை என்று கேட்டேன். ‘சீர்திருத்த நாள்’ என்றார் வரவேற்பில் இருந்த பெண். மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த புராட்டஸ்டண்ட் இயக்கத்தின் நினைவு நாள், கத்தோலிக்கர்களே பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டில் எதற்காக அரசு விடுமுறையாக இருக்க வேண்டும் என்று நான் விழித்ததைக் கண்டு அவர் சிரித்துவிட்டார். “எங்களுக்கு முதல் அச்சுப் புத்தகம் அவர்கள் கொடுத்ததுதான். கடையெல்லாம் அடைத்திருக்கும்போது வேறு என்ன செய்யப் போகிறீர்கள், ட்ருபாரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். பற்பசையையும் அவரே கொடுத்தார் என்பதை நன்றியுடன் இங்கே பதிவு செய்கிறேன்.

லியூப்லியானாவின் மையத்தில் இருப்பது பிரெஷேரென் சதுக்கம். ஸ்லோவேனியர்கள் தங்கள் தேசியக் கவியாகக் கொண்டாடும் ஃபிரான்ட்ஸெ பிரெஷேரெனின் சிலை 1905 முதல் அங்கே நிற்கிறது. சுற்றுலாப் பயணிகளின் கூட்டமும் முழுக்க அங்கேதான். அங்கிருந்து மேற்கே செல்லும் தெரு, கவிஞரின் நண்பரும் மொழியறிஞருமான மத்தியா சோப்பின் பெயரால் அமைந்தது. பெருஞ்சாலையைக் கடந்ததும் தொடங்கும் வீதிக்கு எழுத்தாளர் இவான் சான்கரின் பெயர். எழுத்தாளர்களின் மேலேயே நடந்து சென்று, தீவொலி பூங்காவின் விளிம்பை அடைந்தால், நவீனக் கலைக்கூடத்துக்கு அருகே, உயர்ந்த மரங்களுக்கு நடுவில், ஸ்லோவேனிய மொழியில் முதல் அச்சு நூல்களைக் கொண்டுவந்த புராட்டஸ்டண்ட் போதகர் பிரிமோஷ் ட்ருபார் நிற்கிறார். நான் போன நேரத்தில் அங்கே நாயுடன் நடந்துகொண்டிருந்த ஒருவரையும் என்னையும் தவிர வேறு யாரும் இல்லை.

ட்ருபார் பிறந்து 400 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி எழுந்த முயற்சி, 1910இல் இந்த வெண்பளிங்குச் சிலையாக முடிந்தது. செதுக்கியவர் ஃபிரான்ட்ஸ் பெர்னேக்கர். நீண்ட அங்கியும் தாடியுமாக நிற்கும் அந்த உருவத்தில் வீரமோ ஆவேசமோ எனக்குத் தென்படவில்லை. இரவு பெய்த மழை அங்கியின் மடிப்புகளில் சாம்பல் நிறக் கோடுகளாக இறங்கியிருந்தது. மஞ்சள் இலை ஒன்று பீடத்தின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சதுக்கத்துக் கவிஞரின் தலைக்கு மேலே ஒரு கலைத்தேவதை கிளையை ஏந்தி நிற்கிறாள். இவருக்கு அப்படித் துணை யாரும் இல்லை. இருவரில் எனக்கு இவரையே கூடுதலாகப் பிடித்தது.

அவருடைய பெயரைத் தமிழில் எழுதுவதே ஒரு சிறு போராட்டம். ‘பிரிமோஷ்’ என்று எழுதினாலும் ‘பிரிமோஜ்’ என்று எழுதினாலும் கடைசி ஒலி சரியாக வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே நாக்கைக் கொஞ்சம் அதிரவிட வேண்டும். இதைச் சொல்லக் காரணம், இதே சிக்கலில்தான் அவரும் இருந்தார் என்பதுதான். ஸ்லோவேனிய மொழியின் சில ஒலிகளுக்கு லத்தீன் நெடுங்கணக்கில் எழுத்தே கிடையாது. அந்த மொழியில் அதற்கு முன் யாருமே எழுதவில்லை என்று சொல்லிவிட முடியாது. பத்தாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட ஃபிரைசிங் ஏடுகள் இன்றும் மியூனிக்கில் இருக்கின்றன. ஆனால், அச்சிட்டுப் படிக்கத்தக்க ஒரு பொது எழுத்துநடை அதற்கு இருக்கவில்லை. படித்தவர்களுக்கு லத்தீனும் ஜெர்மனும் இருந்தன. உழவர்களுக்கு வாய்மொழி போதும் என்பதுதான் அன்றைய எண்ணம்.

ட்ருபார் 1508இல் ராஷித்ஸா என்ற சிற்றூரில், மாவு ஆலை நடத்திய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். திரியெஸ்தே நகர ஆயர் பியேத்ரோ பொனோமோவின் நிழலில் வளர்ந்து கத்தோலிக்கக் குருவானவர், சீர்திருத்தக் கருத்துகளின் பக்கம் சாய்ந்ததால் 1548இல் ஜெர்மனிக்குத் தப்பியோட நேர்ந்தது. அங்கே போதகராக இருந்துகொண்டே, 1550இல் டூபிங்கன் நகர அச்சகம் ஒன்றில் இரண்டு நூல்களை அச்சிட்டார். ஒன்று ஞானோபதேச நூல், மற்றொன்று 8 தாள் கொண்ட ஓர் அரிச்சுவடி. ஸ்லோவேனிய மொழியின் முதல் அச்சு நூல்கள் இவையே. அரசின் கெடுபிடிக்கு அஞ்சி, ஞானோபதேசத்தில் தன் பெயரை மறைத்து ‘தாய்நாட்டை நேசிக்கும் இல்லிரியன்’ என்ற பொருளில் ஒரு புனைபெயரைப் போட்டுக்கொண்டார். அச்சிட்ட ஊரையும் டிரான்சில்வேனியா என்று மாற்றிப் போட்டார்கள். ஒரு மொழியின் முதல் புத்தகமே பொய்யான முகவரியோடு வெளிவந்திருக்கிறது! அவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் ஒரே ஒரு படி வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

முதல் இரு நூல்களையும் ஜெர்மானியர் பயன்படுத்திய கோத்திக் எழுத்தில்தான் அவர் அச்சிட்டார். 1555இல் மத்தேயு நற்செய்தியின் மொழிபெயர்ப்பு வந்தபோது லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டார். 1561இல் லியூப்லியானாவுக்குத் திரும்பி, புராட்டஸ்டண்ட் சபையின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். தாய்மொழியில் கற்பிக்கும் பள்ளிகளையும் வலியுறுத்தும் திருச்சபை ஒழுங்கு நூலை 1564இல் வெளியிட்டதற்காக, மறு ஆண்டே நாடு கடத்தப்பட்டார். அதன் பிறகு ஜெர்மனிதான். புதிய ஏற்பாட்டை 1582இல் முழுமையாக முடித்தார். 1586இல், டூபிங்கனுக்கு அருகே டெரெண்டிங்கன் என்ற ஊரில், லூத்தரின் பிரசங்க நூலின் மொழிபெயர்ப்பைப் படுக்கையில் கிடந்தபடியே சொல்லச் சொல்லப் பிறர் எழுத, அங்கேயே மறைந்தார்.

அவருக்கு அடுத்த தலைமுறையினர் 1584இல் இரண்டு பெரிய காரியங்களைச் செய்தார்கள். யூரி தல்மாத்தின் முழு விவிலியத்தையும் விட்டன்பர்க்கில் அச்சிட்டார். ஆதம் பொஹோரிச் முதல் இலக்கணத்தை எழுதி எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தினார். பிறகு காற்று மாறியது. கத்தோலிக்க ஆயர் தோமாஷ் ஹ்ரென் 1600ஆம் ஆண்டின் இறுதியிலும் 1601இன் தொடக்கத்திலும் புராட்டஸ்டண்ட் நூல்களை லியூப்லியானாவில் பொது இடத்தில் எரிக்கச் செய்தார். ஆனால் தல்மாத்தினின் விவிலியத்தை மட்டும் எரிக்கவில்லை. கத்தோலிக்கக் குருமார் பயன்படுத்துவதற்கு அனுமதி பெற்று வைத்துக்கொண்டார்; மக்களிடம் அவர்களுடைய மொழியில் பேசுவதற்கு அதைவிட்டால் வேறு புத்தகம் இல்லை. கத்தோலிக்க நாடு ஒன்று சீர்திருத்த நாளுக்கு விடுமுறை விடுவதன் கணக்கு, சிலையின் முன்னால் நின்றபோது எனக்கு இந்த இடத்தில்தான் நேரானது. மதத்தில் தோற்றவர்கள் மொழியில் தோற்கவில்லை.

விடுதிப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஸ்லோவேனியாவின் 1 யூரோ காசில் இருப்பது ட்ருபாரின் முகம். சிலையையும் காசையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் பணப்பையைக் கொட்டினேன். ஜெர்மனியின் கழுகு இருந்தது, ஆஸ்திரியாவின் மோட்சார்ட் இருந்தார், வட்டத்துக்குள் கைகால் விரித்த இத்தாலியின் டாவின்சி மனிதன்கூட இருந்தான். ட்ருபாரை மட்டும் காணோம். ஒரு காபிக்குக் காசு கொடுத்து மீதி வாங்கியபோதுதான் அவர் அகப்பட்டார். தாடி அதே தாடி. முகத்தை ஒட்டி ‘ஸ்தாத்தி இனு ஒப்ஸ்தாத்தி’ என்ற அவருடைய சொற்கள். ஆங்கிலத்தில் இதைப் பல சொற்களால் சுற்றி வளைத்து விளக்குகிறார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு வினைகள்: நிற்றலும் நிலைத்தலும். நடுவில் இருக்கும் ‘இனு’ பழைய வடிவம். இன்று வெறும் ‘இன்’ என்கிறார்கள். காசில் பழைய வடிவத்தையே விட்டுவைத்திருக்கிறார்கள்.

திரும்பும்போதுதான் அந்தப் பூங்காவின் உள்ளே இருக்கும் செர்பிய மரபுவழித் தேவாலயத்தைக் கவனித்தேன். 1936இல் எழுந்த அந்தக் கோயில் சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்களுக்கு உரியது. ஸ்லாவிய மொழிகளுக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் எழுத்தை வகுத்துத் தந்த மரபு அவர்களுடையது. எழுத்தைக் கொடுத்தவர்களும் புத்தகத்தைக் கொடுத்தவரும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். அப்படி யாரும் திட்டமிட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ட்ருபார் காசை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டைப்பையில் தனியாகப் பத்திரப்படுத்தினேன். மறுநாள் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பெட்டியை வைக்கும் தானியங்கி அலமாரி கழுகையும் மோட்சார்ட்டையும் வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு யூரோ கேட்டது. டாவின்சி மனிதன் காபிக்குப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் ட்ருபாரைத்தான் போட்டேன்.